லா பொந்தேனும் பஞ்சதந்திரமும்

பதினான்காம் லூயி மன்னன் ஆண்ட காலத்தைப் பிரெஞ்சு இலக்கியத்தின் பொற்காலம் என்பர். கொர்னேயும் ரசீனும் துன்பியல் நாடகத்தாலும், மோலியேர் நகைச்சுவை நாடகத்தாலும் பெயர் நாட்டிய காலம் அது. இவர்களுக்குக் கிரேக்க, உரோமானிய நூல்களே பெரும்பாலும் வழிகாட்டி. இவர்தம் காலத்தவரான லா பொந்தேன் என்னும் கவிஞரோ கிழக்கேயும் கை நீட்டினார்.

அவர் 1668-இல் வெளியிட்ட நீதிக்கதைப் பாடல்கள் ஈசாப்பையும் பேத்ரசையும் தழுவியவை. 1678-இல் வந்த இரண்டாம் தொகுதியின் முன்னுரையில், கதைகளிற் பெரும்பகுதிக்குப் பில்பாய் என்னும் இந்திய ஞானிக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக அவரே நன்றியுடன் எழுதினார். பெரும்பகுதி என்றது அவரது பெருந்தன்மை. ஆராய்ந்தோர் கணக்கு அவ்வளவு வரவில்லை. எனினும், பெற்றதை மறைக்காத அப்பண்பு போற்றத்தக்கது. அக்கால இலக்கிய விதிகளைத் தொகுத்துப் புவாலோ 1674-இல் இயற்றிய நூலில் நீதிக்கதைக்கு இடமே இல்லை என்பதையும் இங்கு நினைக்க வேண்டும்.

பில்பாய் யார்? வடமொழிப் பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பழம் பாரசீகத்திலும், எட்டாம் நூற்றாண்டில் 'கலீலா, திம்னா' என அரபியிலும் பெயர்ந்தது. அதில் கதை கூறும் அறிஞன் பெயர் பித்பாய். அதுவே பில்பாய் எனத் திரிந்தது. அரபு நூல் மீண்டும் பாரசீகத்துக்குச் சென்று, அங்கிருந்து 1644-இல் பிரெஞ்சுக்கு வந்தது. லா பொந்தேன் படித்தது அதையே. அவர் தமிழ்ப் பஞ்சதந்திரத்தைக் கண்டிருப்பார் என எண்ணுதல் பொருந்தாது.

கதையை அவர் எவ்வாறு மாற்றினார் என்பதிலேதான் அவர் திறம் விளங்கும். இரு பறவைகள் கவ்விய குச்சியை வாயாற் பற்றிப் பறந்த ஆமையின் கதையை அறியாதார் இல்லை. பஞ்சதந்திரத்தில் குளம் வற்றுகிறது. பிழைக்க வேறு நீர்நிலை தேடியே ஆமை புறப்படுகிறது. கடல் கடந்த நம் முன்னோர் பலருக்கும் இது புரிந்த காரணம். பிரெஞ்சுப் பாடலிலோ வறட்சியே இல்லை. வளையில் இருந்து சலித்த ஆமை ஊர் பார்க்க ஆசைப்படுகிறது. வாத்துகள் அமெரிக்காவையே காட்டுவதாக அழைக்கின்றன. கீழே நிற்போர் 'ஆமைகளின் அரசி' என்று கூவ, 'ஆம், நானே அரசி' என வாய் திறந்து விழுகிறது. நண்பர் சொல் கேளாமையைக் கண்டித்த கதை, வீண் பெருமையை நகையாடும் கதையாயிற்று. வெர்சேல்சு அரண்மனை எழுந்துகொண்டிருந்த நாட்டில் இதன் குறி எவர்மேல் என்று சொல்லவும் வேண்டுமோ! எலி பெண்ணான கதையிலோ, மறுபிறப்புக் கொள்கையோடு கவிஞர் நேரே வாதிடவும் செய்கிறார்.

தென்னாட்டு வடிவம் பிரெஞ்சுக்குச் சென்றது அவர் மறைந்து (1695) நெடுங்காலம் கழித்தே. தமிழ், தெலுங்கு, கன்னடப் படிகளைக் கொண்டு துய்புவா பாதிரியார் 1826-இல் பாரிசில் ஒரு பெயர்ப்பை வெளியிட்டார். அவர் சார்ந்த பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபைக்கும் பினாங்குக்கும் பழைய உறவு உண்டு. அச்சபை 1665-இல் சயாம் நாட்டு அயோத்தியாவில் நிறுவிய குருமடம், போரால் அலைந்து, சில ஆண்டுகள் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் தங்கி, 1808-இல் பினாங்கில் மீண்டும் எழுந்தது.

மலாய் மொழியில் இக்கதைகள் இரு வழியாக வந்துள்ளன. லா பொந்தேனுக்குச் சென்ற மேலை ஆசியக் கிளையைச் சேர்ந்த 'கலீலா, டமீனா' பழையது. மற்றொன்று, தமிழ் வழித்தோன்றலான முன்ஷி அப்துல்லா 1835-இல் தமிழிலிருந்தே பெயர்த்த பஞ்சதந்திரம். தமிழும் மலாயும் அறிந்தோர் நிறைந்த பினாங்கில், இவ்விரண்டையும் பிரெஞ்சுப் பாடல்களோடு வைத்து ஒப்பிடும் வேலைக்கு ஆள் தேடவேண்டியதில்லை.