இரண்டு பேர், ஒரு லாரி, 4,000 மீட்டர்

பெருவின் தெற்கிலும் பொலிவியாவின் மேற்கிலும் ஆண்டீஸ் மலைத்தொடர் இரண்டு கிளையாகப் பிரிகிறது. அந்தக் கிளைகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில், பாய் விரித்ததுபோல ஒரு சமவெளி கிடக்கிறது. ஸ்பானிய மொழியில் அதன் பெயர் ஆல்டிப்ளானோ. திபெத்துக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரிய உயர் பீடபூமி இதுதான். பெருவின் குஸ்கோவில் தொடங்கி, டிட்டிகாக்கா ஏரிக்கரை, லா பாஸ், உயுனி உப்புவெளி என்று போய், சிலி நாட்டின் அட்டகாமா பாலைவன விளிம்பில் முடியும் தரைவழிப் பாதையில் ஆண்டு முழுக்கக் குழுப்பயண வண்டிகள் ஓடுகின்றன. அந்த வண்டிகளில் தனியாக வரும் இளைஞர்களோடு, ஓய்வுபெற்ற பின்னோ கல்யாணமான கையோடோ கிளம்பிவரும் தம்பதிகளும் இருப்பார்கள்.

இந்தப் பயண முறை ஆசியாவில் வளர்ந்தது. 1957-இல் ‘இந்தியாமேன்’ என்ற பஸ் லண்டனிலிருந்து கல்கத்தா வரை தரைவழியே பயணிகளை ஏற்றிவந்தது. 1960களிலும் 70களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் பழைய பஸ்களிலும் லாரிகளிலும் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் வந்துகொண்டிருந்தார்கள். 1979-இல் ஈரானில் புரட்சி. அதே ஆண்டின் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்தது. வழி அடைபட்டது. அதன்பின் ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவுமே இந்தத் தொழிலின் முக்கியக் களங்களாயின. பெருவில் 1980களில் ‘ஒளிரும் பாதை’ என்ற ஆயுதக் குழுவுக்கு அஞ்சி வெளிநாட்டார் ஒதுங்கினார்கள். 1992-இல் அதன் தலைவர் பிடிபட்ட பிறகுதான் கூட்டம் திரும்பியது. வட அமெரிக்காவிலிருந்து இந்த வண்டிகளை நேரே ஓட்டிவந்துவிடவும் முடியாது. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே, டேரியன் காட்டில், சுமார் 100 கிலோமீட்டருக்குச் சாலையே இல்லை. வண்டி கப்பலில்தான் வரவேண்டும்.

வண்டி என்பது பெரும்பாலும் பஸ்ஸாக உருமாற்றிய லாரி. மேலே இருபது பேருக்கு இருக்கை. கீழே கூடாரம், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பாத்திரப் பெட்டி. டிரைவர் ஒருவர், குழுத்தலைவர் ஒருவர். சமையல் முறைவைத்து நடக்கும்: மூன்று நான்கு பேர் ஓர் அணி. அன்றைய அணி பொதுப்பணத்தை வாங்கிக்கொண்டு உள்ளூர்ச் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி, எல்லோருக்கும் சமைத்துப்போட வேண்டும். கணவனையும் மனைவியையும் வேண்டுமென்றே வேறு வேறு அணியில் போடும் குழுத்தலைவர்கள் உண்டு. இருவரும் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டிருந்தால் மற்றவர்களோடு பழக மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. அது சரியான கணக்கும்கூட.

ஆண்டீஸ் சந்தையில் கடை போடுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அடுக்குப் பாவாடையும் தொப்பியுமாகத் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் சொல் ‘யாப்பா’. கெச்சுவா மொழிச் சொல் அது, நம்மூர்க் கொசுறுதான். அங்கே உருளைக்கிழங்கு கறுப்பு, ஊதா, மஞ்சள், சிவப்பு என்று குவிந்து கிடக்கும். அதன் பிறந்த வீடே இந்த டிட்டிகாக்கா வட்டாரம்தான். உறைபனி விழும் ஜூன், ஜூலை இரவுகளில் கிழங்கைப் புல்வெளியில் பரப்பிவைத்து, காலையில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைக்கிறார்கள். அப்படிச் செய்யும் ‘சூன்யோ’ வருடக்கணக்கில் கெடாது. நிலக்கடலையும்கூட முதலில் பயிரானது தென் அமெரிக்காவின் இந்தப் பக்கத்தில்தான் என்பது, தமிழ்ச் சமையலறையிலிருந்து போகிறவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலான செய்தி.

வாங்கியதைச் சமைப்பது வேறு கதை. 3,800 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று அரிசியைப் போட்டால் வெளியே குழைந்து உள்ளே நறுக்கென்று நிற்கும். பருப்பு வேகவே வேகாது. குக்கர் இல்லாத வண்டியில் நூடுல்ஸும் சூப்பும்தான் அடிக்கடி இரவுச் சாப்பாடு.

தண்ணீரைச் சீக்கிரம் கொதிக்கவைக்கும் அதே காரணம்தான் ஆளையும் படுத்துகிறது. உயரத்தில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. அது எங்கும் 21 சதவீதம்தான். காற்றழுத்தம் குறைகிறது. 3,800 மீட்டரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் முதல் இரண்டு நாளில் வரும். உள்ளூரார் இதை ‘சொரோச்சே’ என்பார்கள். 

உடற்பயிற்சி செய்து கட்டான உடம்போடு வருகிறவருக்கு இது வராது என்பது வெறும் நம்பிக்கை. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. ஒரே சாப்பாடு, ஒரே இருக்கை, ஒரே அறை என்று வருகிற கணவன் மனைவியில் ஒருவர் காலையில் மலையேறக் கிளம்ப, இன்னொருவர் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருப்பது இந்தப் பாதையில் சாதாரணக் காட்சி. ‘உனக்காக நானும் இருந்துவிடுகிறேன்’ என்பதா, ‘நீ போய் வா’ என்பதா என்ற பேச்சு ஒவ்வொரு குழுவிலும் ஒரு முறையாவது நடக்கும்.

இரவில் இன்னொரு விஷயம் உண்டு. உயரத்தில் உறங்குகிறவரின் மூச்சு சீராக இருக்காது. வேகமாக, ஆழமாக நாலைந்து மூச்சு. பிறகு சட்டென்று நின்றுவிடும். பத்து விநாடி சத்தமே இல்லை. பிறகு திடுக்கிட்டதுபோல ஒரு பெருமூச்சோடு மறுபடி தொடங்கும். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்ததும் மூளை ‘மூச்சு விடு’ என்ற கட்டளையைச் சற்று நிறுத்திவைப்பதால் வருவது இது. பெரும்பாலும் ஆபத்தில்லை. தூங்குகிறவருக்குத் தெரிவதும் குறைவு. பக்கத்தில் விழித்துக் கிடக்கும் துணைக்குத்தான் அந்தப் பத்து விநாடி பெரிய நேரம். குழுத்தலைவர்கள் இதை முதல் நாளே தம்பதிகளிடம் சொல்லிவைப்பது நல்லது.

ஆபத்தானவை இரண்டு: நுரையீரலில் நீர் கோப்பது, மூளை வீங்குவது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடி, பேச்சு குழறினாலோ உடனே கீழே இறக்க வேண்டும். இமயமலையில் ஏறியவர் வந்த வழியே சில மணி நேரம் இறங்கினால் போதும். ஆல்டிப்ளானோவின் சிக்கல் அதன் சமதளம்தான்: பல இடங்களில் எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் நூறு கிலோமீட்டருக்கு அதே உயரம். அதனால் எங்கே தங்குவது என்பதைத் தீர்மானிப்பது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலல்ல, உயரம்தான். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் ஓய்வு வேண்டும். இதுவே மலை மருத்துவத்தின் பொது விதி. அசிட்டசோலமைடு மாத்திரை உதவும். மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஓட்டல்தோறும் நீட்டும் கோகா இலைத் தேநீர் இதமானது. ஆனால் அதைக் குடித்தபின் போதைப்பொருள் சோதனைக்கு உட்பட்டால் சிக்கிக்கொள்ள நேரும். விளையாட்டு வீரர்களும் விமானிகளும் தொடாமலிருப்பதே மேல்.

லிமாவிலிருந்து விமானத்தில் வருகிறவர், கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரக் குஸ்கோவில் ஒன்றேகால் மணி நேரத்தில் இறங்கித் தள்ளாடுகிறார். லாரியில் வருகிறவர்கள் நாஸ்கா, 2,335 மீட்டரில் அரெகிப்பா என்று படிப்படியாக ஏறுகிறார்கள். அரெகிப்பாவிலிருந்து கோல்கா பள்ளத்தாக்குக்குப் போகும் சாலை 4,910 மீட்டரில் பதபம்பா கணவாயைக் கடக்கிறது. அங்கே இறங்கிப் படமெடுத்துக்கொண்டு, இரவுக்கு 3,600 மீட்டருக்கு இறங்கிவிடுகிறார்கள். குஸ்கோ போனதும் 2,800 மீட்டரில் உள்ள உருபம்பா பள்ளத்தாக்கு, 2,430 மீட்டரில் மச்சு பிச்சு. உயரம் பழகும்வரை தாழ்வான இடங்களைப் பார்த்து முடிக்கும் இந்த ஏற்பாடு புத்திசாலித்தனமானது.

மச்சு பிச்சுவுக்கு நடந்துபோகும் இன்கா பாதை நான்கு நாள், சுமார் 43 கிலோமீட்டர். சுமைதூக்கிகளையும் சேர்த்து நாளுக்கு 500 பேருக்கே அனுமதி. பிப்ரவரியில் பராமரிப்புக்காக மூடிவிடுகிறார்கள். அதன் உச்சியான 4,215 மீட்டர் கணவாய்க்கு ‘இறந்த பெண்’ என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் மல்லாந்து படுத்த பெண் உருவம்போலத் தெரியும் என்பதால். இன்காக்கள் போட்ட சாலை வலையில் இது ஒரு துணுக்கு மட்டுமே. ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வலையை 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதைப் போட்டவர்கள் சக்கர வண்டியே ஓட்டாதவர்கள். மனிதக் காலும் லாமாவின் காலும் மட்டும் நடந்த சாலை அது.

குஸ்கோவிலிருந்து தெற்கே 4,300 மீட்டருக்கு மேலுள்ள லா ராயா கணவாயைத் தாண்டினால் டிட்டிகாக்கா. 3,812 மீட்டர் உயரத்தில், 8,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த ஏரி. பாதி பெரு, பாதி பொலிவியா. ஊரோஸ் மக்கள் டொட்டோரா கோரையை அடுக்கடுக்காகப் போட்டு மிதக்கும் தீவு கட்டி வாழ்கிறார்கள். அடியில் கோரை அழுக அழுக மேலே புதிது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இன்று அந்தத் தீவுகளில் பாதி வாழ்க்கை, பாதி காட்சி. அதைவிடத் தாக்கீலே தீவில் ஓர் இரவு தங்குவது பயனுள்ளது. அங்கே பின்னல் வேலை ஆண்களுடையது, தறி பெண்களுடையது. ஆண் போடும் தொப்பியின் நிறத்தைப் பார்த்தே அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று சொல்லிவிடலாம்.

ஏரியைச் சுற்றியுள்ள அய்மாரா மக்களிடம் ‘சச்சா-வார்மி’ என்று ஒரு சொல் உண்டு. சச்சா ஆண், வார்மி பெண். இரண்டும் சேர்ந்து ஒரே சொல். கல்யாணமான பின்பே ஒருவர் முழு மனிதராக எண்ணப்படுகிறார். ஊர்ப் பொறுப்பையும் கணவனும் மனைவியும் சேர்ந்தே ஏற்கிறார்கள். நடைமுறையில் பேசுவது பெரும்பாலும் ஆண்தான் என்ற குறையை அய்மாராப் பெண்களே எழுப்பியிருக்கிறார்கள். ஆனாலும் சேர்ந்து வந்து நிற்கும் வெளிநாட்டுத் தம்பதியை இந்த ஊர்களில் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

எல்லை கடந்தால் பொலிவியாவின் கோபகபானா. அதன் பிறகு டிகினா நீரிணை. வண்டியை இங்கே தட்டையான மரத்தெப்பத்தில் ஏற்றுகிறார்கள். ஆட்கள் இறங்கித் தனிப் படகில் போக வேண்டும். தெப்பப் பலகைகளின் இடுக்கில் தண்ணீர் தெரியும். ஒருவர் கழியால் தள்ள, பின்னால் சிறு மோட்டார் உறும, மூட்டைமுடிச்சு முழுவதையும் சுமந்த லாரி அலையில் ஆடிக்கொண்டே போவதைப் படகிலிருந்து இருபது பேரும் பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீரிணைக் கரையில் பொலிவியக் கடற்படை முகாம். 1879-இல் தொடங்கிய போரில் சிலியிடம் கடற்கரை முழுவதையும் இழந்த நாடு, ஏரியில் ஒரு கடற்படையை வைத்திருக்கிறது.

லா பாஸ் ஒரு பள்ளத்தில் 3,640 மீட்டரில் இருக்கிறது. விளிம்பின் மேலே 4,150 மீட்டரில் எல் ஆல்டோ. இரண்டையும் 2014 முதல் கேபிள் கார் இணைக்கிறது. ஊர்ப் பயணிகள் வேலைக்குப் போகும் அந்தப் பெட்டியில் ஏறிப் போய்வருவதைவிட நல்ல நகரச் சுற்றுலா அங்கே இல்லை. இந்தப் பகுதியில் பயணத் திட்டத்தைக் குலைப்பது ‘ப்ளொக்கேயோ’ எனும் சாலை மறியல். கல்லையும் மரத்தையும் போட்டு மறித்தால் மறித்ததுதான். ஒரு நாளோ ஒரு வாரமோ ஆகும். 2023 ஜனவரியில் பெருவில் நடந்த போராட்டத்தில் மச்சு பிச்சுவே மூடப்பட்டது.

அடுத்து உயுனி. 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் வெறும் உப்பு. லாரிக்கு உப்பு பகை, இரும்பைத் தின்றுவிடும். எனவே குழு இங்கே பிரிந்து உள்ளூர் ஜீப்புகளில் ஆறாறு பேராக ஏறுகிறது. மழை பெய்யும் டிசம்பர் முதல் மார்ச் வரை விரற்கடை நீர் தேங்கி வானம் தரையில் தெரியும். வறண்ட மாதங்களில் அறுகோணக் கட்டம் கட்டமாக வெள்ளை. அந்த உப்புக்கு அடியிலுள்ள உவர்நீரில் லித்தியம் இருப்பதால் பாட்டரித் தொழிலின் கண்ணும் இதன்மேல் இருக்கிறது. தெற்கே சிவந்த லாகுனா கொலொராடா ஏரி. நிறம் அதிலுள்ள பாசியாலும் தாதுக்களாலும் வருவது. மூன்று வகை ஃபிளமிங்கோக்கள் அதில் மேயும். அங்குள்ள விடுதிகளில் குளிர்கால இரவு மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே போகும். தொப்பி, கையுறை, இரண்டு காலுறையோடு படுப்பார்கள். கேமரா பாட்டரியும் போர்வைக்குள்ளேயே தூங்கும், இல்லையென்றால் விடிவதற்குள் சார்ஜ் இறங்கிவிடும். விடியற்காலையில் 4,800 மீட்டருக்கு மேலுள்ள சோல் தே மன்யானா வெந்நீராவி ஊற்றுகள். அதற்குள் ஒரு வாரத்துக்கு மேல் உயரத்தில் இருந்து உடம்பு பழகியிருக்கும். குஸ்கோவில் வாளியோடு படுத்திருந்தவர் இங்கே முன்னால் நடப்பதும் உண்டு.

லிகன்காபூர் எரிமலையின் காலடியில் ஹிட்டோ கஹோன் எல்லைச்சாவடி. சிலி நாட்டுக்குள் பழம், காய்கறி, இறைச்சி எதுவும் கொண்டுபோகக் கூடாது. பையைத் திறந்து தேடுவார்கள், ஒளித்துவைத்தால் அபராதம். அதனால் கடைசிச் சமையல் அணியின் வேலை சமைப்பதல்ல, தீர்ப்பது. மிச்சமிருக்கும் வாழைப்பழத்தையும் ஆரஞ்சையும் ஆளுக்கு இரண்டாகக் கையில் கொடுத்து, சாவடிக்கு வெளியே குளிர்காற்றில் வரிசையாக நிற்கவைத்துத் தின்னச் சொல்வார்கள். முத்திரை விழுந்ததும் தார்ச்சாலை தொடங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் 2,400 மீட்டரில் சான் பெட்ரோ தே அட்டகாமா. வழியிலேயே ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டிவரும்.