பாறை மேலே ஏறுவது ஏன்?

திற்பரப்பு அருவிக்குப் போனால் தலையை நனைப்பதற்கு முன் ஒரு நிமிடம் கரையில் நில்லுங்கள். கோதையாறு சுமார் ஐம்பது அடி உயரத்திலிருந்து விழும் அந்த வெள்ளைத் திரையில் ஒரே இடத்தை முப்பது, நாற்பது விநாடி உற்றுப் பாருங்கள். உடனே பக்கத்துக் கரும்பாறைக்குப் பார்வையைத் திருப்புங்கள். பாறை மெல்ல மேலே ஏறும். ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் இதைக் கண்டு 1834இல் எழுதி வைத்தார். இது கண்ணின் கோளாறு அல்ல. கீழ்நோக்கிய அசைவை உணர மூளையில் சில நரம்பணுக்கள் உண்டு. மேல்நோக்கிய அசைவுக்கு வேறு சில. இரு தரப்பும் சமமாக இருந்தால் பொருள் அசையவில்லை என்று அர்த்தம். அருவியையே பார்த்துக்கொண்டிருந்தால் கீழ்நோக்குத் தரப்பு களைத்துப்போகிறது. பாறையைப் பார்க்கும்போது மறு தரப்பின் கை ஓங்கிவிடுகிறது. பார்ப்பது பாதி கண்ணிலும் மீதி மூளையிலும் நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கண்ணின் பங்கு ஒளியை வளைப்பது. வளைப்பதில் பெரும்பகுதியை முன்புறத்துக் கார்னியாவே முடித்துவிடும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஏற்பத் திருத்துவது உள்ளேயிருக்கும் லென்ஸ். கிட்டத்தில் பார்க்கும்போது அது உருண்டு தடிக்கிறது. பிம்பம் விழித்திரையில் தலைகீழாகத்தான் விழுகிறது. விழிக்கோளம் நீண்டுவிட்டால் பிம்பம் திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும், அதுதான் கிட்டப்பார்வை. லென்ஸ் மங்கினால் கண்புரை. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, புரை நீக்கும் அறுவையை ஏழைகளுக்கும் எட்டும்படி செய்தது.

என் கவலை வெள்ளெழுத்தைப் பற்றியது. நாற்பதைத் தாண்டினால் லென்ஸ் இறுகி, உருண்டு தடிக்க முடியாமல் போகிறது. திற்பரப்பைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறார்கள். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி ஆழமாகப் போய் உள்தோலைத் தொட்டால் மரத்துக்குக் காயம், அங்கே பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஆழமில்லாமல் சீவினால் சிரட்டையில் பால் குறையும். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். வயதான கை தவறாமல் போகும், ஆனால் தலை பின்னால் போய்ப் போய் வெட்டுக்கோட்டைத் தேடும்.

அசாமின் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது கடந்த தொழிலாளர்களுக்குக் கிட்டப் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவு இது: கண்ணாடி பெறாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் பறித்த இலை ஏறத்தாழ 22 சதவீதம் கூடியிருந்தது. நம் தோட்டங்களிலும் பால்வெட்டுக் கத்தியோடு ஒரு கண்ணாடியையும் சேர்த்துக் கொடுக்கலாம். கண்ணைச் சோதித்து, எண் பார்த்துக் கொடுக்க அரை மணி நேரம்கூட ஆகாது.