இணையத்தின் புதிய முகவரி முறை: முழு வழக்கிற்கு வருவது எப்பொழுது?

கடிதம் உரியவரைச் சேர வேண்டுமாயின் உறையின்மீது முகவரி இருத்தல் அவசியம். இணையத்தில் செல்லும் செய்திகளுக்கும் அவ்வாறே எண்களாலான முகவரி உண்டு. 1981-ம் ஆண்டில் வரையறுக்கப்பெற்ற நான்காம் பதிப்பு நெறிமுறையில் முகவரியின் நீளம் 32 பிட்டுகள். ஆகவே, அதனால் தரக்கூடியவை ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே. உலகப் பொது இருப்பில் எஞ்சியவை 2011 பிப்ரவரி 3-ம் தேதி பகிர்ந்தளிக்கப்பெற்றுத் தீர்ந்தன.

இந்நெருக்கடியை எதிர்நோக்கி, ஆறாம் பதிப்பு 1995-ம் ஆண்டிலேயே வெளியிடப்பெற்றது. இதில் முகவரியின் நீளம் 128 பிட்டுகள். 340 என்று எழுதி, அதனை அடுத்து 36 சுழிகள் இட்டால் கிடைக்கும் எண்ணை விடச் சற்றே அதிகமான முகவரிகள் இதில் உண்டு. அவ்வாறிருந்தும் பழைய முறை ஏன் மறையவில்லை?

காரணங்கள் இரண்டு. முதலாவது, ஒரு பதிப்பை மட்டும் அறிந்த சாதனம் மற்றதனுடன் நேரே பேச இயலாது. எனவே இரண்டையும் அருகருகே நடத்த வேண்டியுள்ளது. 1957 ஏப்ரல் முதல் தேதி தசம நாணயம் வந்தபின், அணாவும் நயா பைசாவும் சில காலம் ஒருங்கே செலாவணியில் இருந்தமை போன்றது இது. இரண்டாவது, ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் உபாயம் பரவியமையால் அவசரம் குறைந்தது. ஆயினும் அதில் இடர் உண்டு. ஒருவர் செய்த தவற்றுக்காக அம்முகவரி தடுக்கப்பெறின், அதனைப் பகிரும் குற்றமற்றோரும் தடுக்கப்படுவர். வெளிநிலையத்தில் நிறுவிய தானியங்கி மழைமானியைத் தலைமை அலுவலகத்திலிருந்து நேரே தொடர்புகொள்வதும் கடினமாகிறது.

இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை 2010-ல் மாற்றத்திற்கான திட்டத்தை வெளியிட்டது. 2016-ல் சேவையைத் தொடங்கிய ஜியோ நிறுவனம், தன் நான்காம் தலைமுறை வலையமைப்பில் புதிய முறையைக் கைக்கொண்டது. 2024-ல் நம் நாட்டு இணையப் பயனாளரில் மூன்றில் இரு பங்கிற்கு மேற்பட்டோர் புதிய முறையைப் பயன்படுத்தும் நிலையை எய்தியிருந்தனர். உலக அளவில் இது அவ்வாண்டில் பாதியை எட்டியிருக்கவில்லை.

ஆகவே, இக்கேள்விக்கு ஒரே தேதியை விடையாகக் கூறுதல் இயலாது. செல்பேசியில் புதிய முறை பெரும்பாலும் வந்துவிட்டது. பல இணையதளங்களிலும் அலுவலக, பள்ளி வலையமைப்புகளிலும் இன்னும் வரவேண்டியுள்ளது.

ஆசிரியர்கள் செல்பேசி அமைப்புப் பக்கத்திலுள்ள முகவரியை மாணவருக்குக் காட்டலாம். புள்ளிகளால் பிரிக்கப்பெற்ற நான்கு எண்கள் பழைய முறை; முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பெற்றவை புதிய முறை. நிலையங்களுக்குக் கருவி வாங்கும் களப்பணியாளர், அவை ஆறாம் பதிப்பையும் ஏற்குமா என்று முன்னரே கேட்டறிதல் நலம்.