மேய்ச்சலுக்கும் காவல் வேண்டும்

மாடு மேய்ந்தால் காடு அழிந்துவிடும் என்ற எண்ணம் வெள்ளைக்காரர் காலம் தொட்டு வனத்துறையில் ஊறிப்போனது. அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு ராஜஸ்தானின் பரத்பூரில் வந்தது. பறவைகளுக்குப் பேர்போன கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982-ல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்த கிராமத்தினர் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தி, உயிர்கள் போயின. பிறகு எருமைகள் இறங்காத நீர்நிலைகளில் ஒருவகைப் புல் கட்டுக்கடங்காமல் பரவித் தண்ணீர்ப் பரப்பையே மூடியது. அங்கே பல ஆண்டுகள் ஆய்வு நடத்திய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், மேய்ச்சல் நின்றதால் பறவைகளுக்குக் கேடுதான் விளைந்தது என்ற முடிவுக்கு வந்தது. எல்லா நிலத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால், மேய்ச்சலோடு சேர்ந்தே உருவான நிலங்களும் உண்டு.

இந்தப் பாடம் விருதுநகர் மாவட்டத்தின் எம். புதுப்பட்டி வட்டாரத்துக்கும் வேண்டியது. மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் எல்லாக் காடுகளிலும் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்து, சில நாட்களிலேயே அதைப் புலிகள் காப்பகங்கள், தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள் என்ற அளவுக்குச் சுருக்கியது. இதோடு கதை முடிந்தது என்று பல கிடைமாட்டுக்காரர்கள் நினைத்துவிட்டார்கள். முடியவில்லை. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(டி) பிரிவு, மேய்ச்சலை ஒரு சமூக உரிமையாகவே ஏற்றுக்கொள்கிறது. அதைக் கிராமசபை வழியாகக் கோரலாம். கிராமசபைத் தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் உட்கோட்டக் குழுவிடமும், அதன் முடிவை எதிர்த்து மாவட்டக் குழுவிடமும் முறையிடலாம். ஒரு சிக்கல் உண்டு. பழங்குடியினர் அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பழைய மேய்ச்சல் ரசீதுகளும் மூத்தோரின் வாக்குமூலமும் அப்போது கைகொடுக்கும். காட்டுக்கு வெளியே, கண்மாய்க் கரையிலும் மேய்ச்சல் புறம்போக்கிலும் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் 2011-லேயே சொல்லிவிட்டது. அந்த நிலங்களைக் கேட்டுப் பெற 75 ஆண்டுக் கணக்கு எதுவும் வேண்டாம்.

மறுபக்கத்து வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. 1968-ல் முதுமலைக் காட்டுமாடுகளை வெக்கைநோய் வாரிக்கொண்டு போனது. காட்டோரக் கால்நடையிடமிருந்து காட்டுவிலங்குக்கு நோய் தொற்றும் என்ற அச்சம் வெறும் கற்பனை இல்லை. வேலிக்கருவை நெற்றைத் தின்று, சாணத்தின் வழியே விதையைப் புதிய இடங்களுக்குக் கொண்டுபோவதும் இதே மாடுகள்தான். நெதர்லாந்தின் ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் காப்பகத்தில் மாடு, குதிரை, மான்களை இயற்கையின் போக்கில் விட்டுவைத்தார்கள். 2017–18 குளிர்காலத்தில் தீனியின்றி மெலிந்து 3,000-க்கு மேற்பட்டவை இறந்தன. பெரும்பாலானவற்றைப் பிழைக்காது என்று சுட்டுக் கொன்றார்கள். எனவே தடையைப் போலவே கவனிப்பாரற்ற மேய்ச்சலும் தோற்ற வழிதான். பிரிட்டனில் புல்வெளிகளைக் காக்க மாடு விடும் அமைப்புகள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை அனுப்புகின்றன. தலை எண்ணுவது, நொண்டுகிறதா என்று பார்ப்பது, தண்ணீரும் வேலியும் சரியா என்று பார்ப்பது, உரியவருக்குத் தகவல் சொல்வது ஆகியவைதான் அவர்கள் வேலை. சிகிச்சை அவர்கள் பொறுப்பில்லை.

அப்படிப்பட்ட தன்னார்வலர் எம். புதுப்பட்டி வட்டாரத்துக்கும் வேண்டும். பட்டாசுத் தொழில் நடக்கும் இந்த மண்ணில் அவர் கூடுதலாகச் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். வெடியுப்பு உள்ளிட்ட நைட்ரேட் உப்புகள் கலந்த கழிவு திறந்த வெளியில் கிடந்தால், உப்புச் சுவைக்கு மாடு நக்கும். இரைப்பையில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் திறனை இழக்கிறது. மூச்சுத் திணறல், தள்ளாட்டம், ஈறும் நாக்கும் பழுப்பேறுவது ஆகியவை அறிகுறிகள். மெத்திலீன் புளூ ஊசியை மருத்துவர் நேரத்தோடு போட்டால் பிழைக்கும். தாமதித்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஆகவே, 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்கு முதல் அறிகுறியிலேயே பேச வேண்டும். பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியைக் கடித்து வாய் சிதைந்த மாடு இன்னொரு கொடுமை. விலங்கைக் கொல்வதோ விஷம் வைப்பதோ முடமாக்குவதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். மாடு இறந்து, புகார் நிற்க வேண்டுமானால் அரசு கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கை வேண்டும். புதைத்த பிறகு ஸ்டேஷனுக்குப் போனால் வழக்கு வலுவிழந்துவிடும். காதுவில்லை இல்லாத மாட்டுக்கு உரிமையாளர் யார் என்பதை நிரூபிப்பதே பாடு. காப்பீட்டுத் தொகை கேட்பதும் கடினம்.

மாட்டுக்காரருக்குத் தெரியாததா, இடையில் தன்னார்வலர் எதற்கு என்று கேட்கலாம். மாட்டைப் பற்றி அவருக்குத்தான் அதிகம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் தேதியும் தலைக்கணக்கும் தடுப்பூசியும் எழுதிய நோட்டு அவரிடம் இருப்பதில்லை. அதிகாரியின் முன் செல்லுபடியாவது அந்த நோட்டு. நோய் பரப்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசிப் பதிவைவிட வலுவான பதில் கிடையாது. இதைவிடக் கனமான அச்சம், தன்னார்வலர் வனத்துறையின் உளவாளியாகிவிடுவாரோ, மாட்டு விற்பனையில் தலையிடும் கும்பலாகிவிடுவாரோ என்பது. அதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, வன உயிரையும் காட்டையும் காக்கும் அதிகாரத்தை உரிமை பெற்றவர்களுக்கும் கிராமசபைக்கும் தருகிறது. இதற்கெனத் தன் உறுப்பினர்களைக் கொண்டு குழு அமைக்க விதிகள் இடம் கொடுக்கின்றன. புறம்போக்கு மேய்ச்சலுக்கும் இதே முறையைக் கையாளலாம். மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகளையே கிராமசபை தேர்ந்தெடுக்கட்டும். நோட்டு ஊரின் உடைமையாக இருக்கட்டும். யாருடைய மாட்டையும் பிடிக்கவோ, எங்கே விற்றாய் என்று கேட்கவோ அவர்களுக்கு உரிமை இல்லை என்பதைத் தீர்மானத்திலேயே எழுத வேண்டும். அனுமதியின்றிக் காப்பகத்துக்குள் நுழையவும் கூடாது. காலியான கால்நடை மருத்துவர் பணியிடத்தை இவர்களைக் கொண்டு ஈடுகட்டவும் கூடாது.

தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தில் மேய்ச்சல் உரிமைக் கோரிக்கையையும் கண்காணிப்புக் குழுத் தீர்மானத்தையும் சேர்த்தே வையுங்கள். இரண்டின் நகலையும் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.