தோட்டத்து கேட்டும் துரையின் உரிமையும்

“தனியார் இடத்தில் உரிமையாளர் வைத்ததுதான் சட்டமா?” இப்படி ஒரு கருத்துவிளக்கத் தலைப்பு வந்தால் மாணவர்கள் இரண்டு விதமாகத்தான் எழுதுகிறார்கள். ஒரு கூட்டம், “அவர் இடம், அவர் இஷ்டம்” என்று நான்கு வரியில் முடித்துவிடும். இன்னொரு கூட்டம், “பேச்சுரிமை பறிபோகிறது” என்று அரசியலமைப்பைத் தூக்கிக்கொண்டு வரும். இரண்டிலும் பாதிதான் சரி. மீதிப் பாதிக்கு நாம் தூரம் போக வேண்டாம். சுங்கை சிப்புட், செம்மோர் பக்கம் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய கதையே போதும்.

தோட்டம் என்பது தனியார் நிலம். ரோடு அவர்களுடையது, லயம் அவர்களுடையது, கள்ளுக்கடையும் கோயில் நிலமும் அதற்குள்தான். வேலை போனால் வீடும் போகும். ஆகவே, யார் உள்ளே வரலாம், யார் கூட்டம் போடலாம், யார் வாய் திறக்கலாம் என்பதெல்லாம் துரையின் கையில் இருந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் அவருக்கு உரிமை உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அதே இடத்தில்தான் ஆயிரம் பேர் பிறந்து வளர்ந்து செத்தார்கள். சிக்கல் அங்கேதான்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதில் முன்னின்றார். கோரிக்கைகளைக் கவனித்துப் படியுங்கள். சம்பளம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும்; பேசவும் கூடவும் சுதந்திரம் வேண்டும்; குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது; துரை எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போக வேண்டும். ‘தோட்டத்தை எங்களுக்குக் கொடு’ என்று அவர்கள் கேட்கவே இல்லை. சொந்தக்காரர் நீங்கள்தான், ஆனால் நடத்தும் விதம் இதுவல்ல என்பதுதான் அவர்கள் வாதம். (சைக்கிள் கோரிக்கையைச் சொன்னால் வகுப்பில் சிரிப்பு வரும். சிரித்து முடிக்கட்டும், பிறகு ஏன் என்று கேளுங்கள்.) நாதன் மே மாதம் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்து இராணுவத்தை இறக்கினார்கள். உயிர்களும் போயின.

சரி, இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் மாணவர்கள் சறுக்குகிறார்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு பேச்சுரிமை தருகிறது. ஆனால் அந்த உரிமை அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவது. தனியார் நிறுவனத்துக்கு எதிராக அதை நேரடியாக நீட்ட முடியாது. மலேசிய விமான நிறுவனத்தின் மீது பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் தொடுத்த வழக்கில், 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் இந்தக் கருத்தைத்தான் கொண்டது. 13-ஆவது பிரிவோ சொத்துரிமையைக் காக்கிறது. ஆக, “அரசியலமைப்பு இருக்கு சார்” என்று மட்டும் எழுதினால் வாதம் நிற்காது.

அப்படியென்றால் துரை ஜெயித்துவிட்டாரா? இல்லை. நியாயம் வேறு வாசல் வழியாக வந்தது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி, நடத்தைக் குற்றத்துக்காக ஒருவரை நீக்குமுன் முறையான விசாரணை வைக்க வேண்டும். 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவுப்படி, தகுந்த காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர் 60 நாளுக்குள் முறையிடலாம். தொழிற்சங்கத்தில் சேருவதை முதலாளி தடுக்கவும் முடியாது. பாருங்கள், தோட்டம் இன்னும் முதலாளியுடையதுதான். விதி போடும் உரிமையும் அவருக்கே. அதை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதைத்தான் சட்டம் கேட்கிறது: காரணம் சொன்னாரா, மறுமொழி சொல்ல வாய்ப்பு கொடுத்தாரா? கிராணிக்கு வேண்டியவனுக்கு ஒரு விதி, மற்றவனுக்கு ஒரு விதி என்று நடந்தாரா?

கட்டுரையில் மாணவர்கள் இந்தக் கேள்விகளை வைத்தாலே நடுப்பத்தி கனம் பெறும். பயிற்சிக்கு ஒன்று: பழைய ரப்பர் தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்குகிறது. முந்தைய துரை வாய்மொழியாக அனுமதித்த மாரியம்மன் கோயில் அங்கே மூன்று தலைமுறையாக இருக்கிறது. நிலப்பட்டா நிறுவனத்தின் பெயரில். வகுப்பில் பாதிப் பேர் நிறுவனத்துக்காகவும் பாதிப் பேர் கோயில் தலைவருக்காகவும் எழுதட்டும். அடுத்த பாடவேளையில் பக்கம் மாற்றி எழுதச் சொல்லுங்கள்.