தொட்ட இடத்தில் தேடுக!

நோயாளி வந்து அமர்ந்ததும், "நேற்று என்ன சாப்பிட்டீர்?" என்று கேட்பது அநுபவமுள்ள வைத்தியரின் வழக்கம். மோட்டார் வண்டியின் நோய்க்கும் இக்கேள்வியே முதற் கேள்வி என்பதை நாம் ஒரு முதியவரிடம் தெருவோரத்தில் நின்று கற்றுக்கொண்டோம். வீட்டில் கார் வைத்திருப்போருக்கும், இயந்திரங்களில் நாட்டமுள்ள மாணவருக்கும் அது பயன்படும் என்பதால் ஈண்டு எழுதுகின்றோம்.

நம்மிடம் ஒரு பழைய மொறிஸ் மைனர் உண்டு. 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன இனம் அது. 2023 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், பரந்தனில் வசிக்கும் நம் தமக்கையாரைக் கண் சத்திரசிகிச்சைக்காக யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. நண்பகலுக்குள் அவர் வைத்தியசாலையில் இருத்தல் வேண்டும். வழியில் தொல்லை நேரக்கூடாதென்று எண்ணி, முதல்நாள் மாலையே வண்டியைக் கராச்சில் விட்டு ஒயில் மாற்றி, பிளக்குகளைத் துப்புரவாக்கி, புதிய பொயின்ற் பூட்டுவித்தோம்.

மறுநாள் காலை வண்டி நன்றாகவே புறப்பட்டது. கொடிகாமம் கழிந்ததும் இலேசாக இருமத் தொடங்கிற்று. மிருசுவிலில் இழுவை குறைந்தது. பளைக்கு அண்மையில் இரண்டு முறை வெடித்துவிட்டு நின்றே போயிற்று. மணி எட்டரை. உச்சிவெயிலுக்கு முன் தமக்கையாரைக் கொண்டுசேர்க்க வேண்டுமே என்ற பதைப்பு நமக்கு.

கூடியவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புக் கூறினர். பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார் ஒருவர். காபரேற்றர் பழுது என்றார் மற்றொருவர். கருவிப் பெட்டியுடன் வந்த இளைஞர் ஒருவர், ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும், இரண்டு நாட்கள் செல்லும் என்றார். நாமும் ஏறக்குறைய இணங்கிவிட்டோம்.

அப்பொழுதுதான் சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர் இறங்கினார். 1990களில் போர்க்காலத் தடையினால் குடாநாட்டில் பெற்றோல் அரிதாகியபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் அல்லவா? அக்காலத்தில் கரி படிந்த பிளக்குகளோடு நாளாந்தம் போராடிப் பழகியவர் அவர்.

"தம்பி, கடைசியாய் இதிலை கைவைச்சது ஆர்? என்ன செய்தவை?" என்று கேட்டார். நாம் சொன்னோம்.

"அப்ப அங்கை இருந்து பாப்பம்," என்றார்.

முதலில் சாவியைத் திருப்பச் சொன்னார். இவ்வண்டியில் பெற்றோலை இழுப்பது மின்பம்பு. அது சில தடவை 'டிக், டிக்' என்று அடித்துப் பின் ஓய்ந்தது. காபரேற்றர்க் கிண்ணம் நிரம்பினால் பம்பு தானே ஓயும். பெற்றோல் வராவிடின் அடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே பெற்றோல் வருகிறது என்பது ஒரு நிமிடத்தில் தெளிவாயிற்று.

அடுத்து, டிஸ்ரிபியூற்றர் மூடியின் இரு கவ்விகளையும் விடுவித்தார். நம்மைக் கைப்பிடியால் எஞ்சினை மெல்லச் சுற்றச் செய்து பொயின்றை உற்று நோக்கினார். விரியவேண்டிய இடத்திலும் அது விரியவில்லை. அதைப் பிடித்திருந்த திருகாணி இறுக்கப்படாமல் இளகியிருந்தது.

பொயின்ற் என்பது மின்னோட்டத்தை நிறுத்தித் திறக்கும் ஒரு சிறு கதவு. அது திறக்கும் கணத்தில்தான் கொயிலில் உயர் மின்னழுத்தம் பிறந்து, பிளக்கில் பொறி தோன்றும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது, அக்கதவு ஒரு செக்கனில் 100 முறை திறக்க வேண்டும். அதன் இடைவெளி நம் வண்டியில் ஏறத்தாழ 0.015 அங்குலம். அது குறுகினால் பொறி பிந்தும், வலு குறையும், எஞ்சின் சூடேறும். முற்றாக ஒடுங்கினால் பொறியே இல்லை. வண்டி படிப்படியாகத் தளர்ந்து நின்ற காரணம் இதுவே.

முதியவர் நம்மிடமிருந்த கலியாண அழைப்பிதழிலிருந்து ஒரு துண்டு அட்டையைக் கிழித்தார். அதன் தடிப்பே ஏறத்தாழ வேண்டிய அளவு. அதை இடையில் வைத்து இடைவெளியைச் சரிசெய்து, திருகாணியை இறுக்கினார். எஞ்சின் முதற் சுற்றிலேயே முழங்கியது. வீட்டுக்குப் போய் முறையான அளவுத் தகட்டினால் மீண்டும் சரிபார்க்கச் சொல்லிவிட்டு, பணம் வாங்க மறுத்துச் சென்றார்.

இதிலிருந்து நாம் வகுத்துக்கொண்ட ஒழுங்கு வருமாறு:

முதலாவது, பராமரிப்புக்குப் பின் கோளாறு தோன்றினால், தொட்ட பாகங்களையே முதலில் பார்க்க. புதிய பாகம் என்பதற்காக அது நல்ல பாகம் என்று நம்பிவிடற்க.

இரண்டாவது, செலவில்லாத சோதனை முந்துக, கழற்றுதல் பிந்துக. வயர் கழன்றதா, குழாய் நழுவியதா, பிளக் வயர்கள் 1-3-4-2 என்னும் வரிசை மாறிப் பூட்டப்பட்டனவா என்று கண்ணால் காணலாம்.

மூன்றாவது, ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுக. மூன்றை ஒருங்கே மாற்றினால், நோய் தீர்ந்தாலும் மருந்து எதுவென்று தெரியாது.

நான்காவது, ஒயில் வடிகட்டி மாற்றியபின் எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு அடியில் கசிவு பார்க்க. பழைய இறப்பர் வளையம் உள்ளேயே ஒட்டியிருக்கப் புதியதைப் பூட்டுவது அடிக்கடி நேரும் தவறு.

புதிய கார்களில் பொயின்ற் இல்லை, கணினி உண்டு. ஆயினும் விதி மாறவில்லை. காற்று வடிகட்டியை மாற்றும்போது குழாயின் பட்டி தளர்ந்து விட்டால், அளக்கப்படாத காற்று உட்புகுந்து எஞ்சின் தடுமாறும். எச்சரிக்கை விளக்கும் எரியும். சோதனைக் கருவி 'கலவையில் எரிபொருள் போதாது' என்னும் அறிகுறியைச் சொல்லுமேயன்றி, பட்டி தளர்ந்ததைச் சொல்லாது. அதைக் காண்பது மனிதக் கண்ணே.

தமக்கையாரை உரிய நேரத்தில் சேர்த்துவிட்டோம். மாலையில், திருகாணியை இறுக்காத கராச்சுப் பையனைக் கடிந்துகொள்ளும் நோக்கத்துடன் புறப்பட்டோம். பாதி வழியில் முதியவரின் கேள்வி மீண்டும் காதில் ஒலித்தது: கடைசியாய்க் கைவைத்தது யார்? முதல்நாள் மாலை அப்பையன் பொயின்றைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, "இருட்டுகிறது, கெதியாய் முடி" என்று அவன் தலைமாட்டில் நின்று மூன்று முறை அவசரப்படுத்தியவர் யார்? நாமே அன்றோ!

பையனிடம் நடந்ததைச் சொன்னோம், கடிந்துகொள்ளவில்லை. அவன் முகம் வாடிற்று. பின் அளவுத் தகட்டை எடுத்து வந்து, இடைவெளியை அளந்து, திருகாணியை இருமுறை இறுக்கிக் காட்டினான். இம்முறை நாம் வாய் திறவாது காத்திருந்தோம்.