காய்ந்தால் போகும், நனைந்தால் வரும்

மட்டக்களப்பின் கல்லடி, நாவலடிப் பக்கம் கொடியில் காயும் நப்பித் துணியை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. பிள்ளை மறுபடி நனைத்ததும் மூக்கைத் துளைக்கும். ஏன்?

புதுச் சிறுநீர் பெரிதாக நாறுவதில்லை. அதிலுள்ள யூரியாவைத் துணியில் தங்கிய பக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியத்தால் உடைக்க, அமோனியா பிறக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் வேலை மும்முரம். பிள்ளையின் தோலும் எரியும்.

துவைத்த துணியில் கிருமி எப்படித் தங்குகிறது? இங்கேதான் கிணற்றுக்குப் பங்குண்டு. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள இந்த மணல் திட்டில், உப்புநீருக்கு மேல் மெல்லிய படையாக நன்னீர் மிதக்கிறது. கோடையில் அது சுருங்க, கிணறு உவர்க்கும். கல்சியம், மக்னீசியம் கூடிய அந்த நீரில் சவர்க்காரம் நுரைப்பதற்குப் பதில் கரையாத வெள்ளைப் படிவாகி இழைகளில் ஒட்டும். சிறுநீர் மிச்சமும் கிருமியும் அதற்குள் பதுங்கும். நாறுகிறதே என்று இன்னும் சவர்க்காரம் தேய்ப்பது, கேட்க எரிச்சலாக இருந்தாலும், நாற்றத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான்.

நனைந்ததை உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். கட்டிச் சவர்க்காரத்தைவிடச் சலவைத்தூள் நல்லது. அது இப்படித் திரளாது. படிவேறிய துணியைச் சலவைச் சோடா கரைத்த சுடுநீரில் ஊறவைத்து, நன்றாக அலசவேண்டும். கடைசி அலசலில் சிறிது வினாகிரி விட்டால், அதன் அமிலம் எஞ்சிய அமோனியாவை நடுநிலையாக்கும். வெளிற்றும் திரவத்தோடு மட்டும் வினாகிரியைக் கலக்கவே கூடாது: நச்சுக் குளோரின் வாயு எழும்.

மாரியில் வெயில் அரிது. ஆனால் பீலியில் விழும் மழைநீரில் கல்சியம் அநேகமாக இல்லை. பிடித்து வைத்தால் அதே கட்டிச் சவர்க்காரமும் நுரைக்கும்.